கடைசிப் பக்கத்துப் பெயர்கள்

தமிழ்ப் பத்திரிகைகளின் சரித்திரம் பெரும்பாலும் ஆசிரியர்களின் சரித்திரமாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. தலையங்கம், அதற்குக் கிளம்பிய எதிர்ப்பு, சர்க்கார் நடவடிக்கை, ஆசிரியரின் சிறைவாசம் என்ற வரிசையில் ஒரு பத்திரிகையின் வாழ்வு அடங்கிவிடுகிறது. அச்சிட்டு வெளியிடுபவர் இன்னார் என்று இதழின் அடியில் பொடி எழுத்தில் வரும் வரியை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் சிறு நகரத்துப் பத்திரிகைக்காரனின் குடும்பக் கதை அந்த வரியில்தான் இருக்கிறது. ஈரோட்டிலிருந்து வந்த 'குடி அரசு' இதற்குத் தெளிவான உதாரணம்.

1925 மே 2-ந் தேதி முதல் இதழ் வெளிவந்தது. ஈ.வெ. ராமசாமியுடன் தங்கப்பெருமாள் பிள்ளையும் தொடக்கத்தில் ஆசிரியப் பொறுப்பில் இருந்தார். அப்போது ஈரோடு கோவை ஜில்லாவின் ஒரு சந்தை ஊர். (1979-ல் பெரியார் மாவட்டம் பிரியும்வரை ஈரோடும் பெருந்துறையும் கோவை மாவட்டத்தில்தான் இருந்தன.) மஞ்சளும் பருத்தியும் ஜவுளியும் புழங்கும் ஊர், ரயில் சந்திப்பு. சென்னையில் இல்லாமல் இப்படிப்பட்ட ஓர் ஊரில் வாரப் பத்திரிகை நடத்த மூன்று தேவை: நஷ்டத்தைத் தாங்கும் பணம், வருகிறவர்களுக்குச் சோறு போடும் வீடு, சட்டத்தின் முன் நிறுத்த ஒரு பெயர். இம்மூன்றையும் ஒரே குடும்பம் கொடுத்தது. பணம் தகப்பனார் வெங்கடப்ப நாயக்கரின் மண்டி வியாபாரத்தில் சேர்ந்தது. வீட்டை நடத்தியவர் மனைவி நாகம்மாள். பெயரையும் பெண்களே கொடுக்க வேண்டிவந்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

பெயர் கொடுப்பது என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். 1867-ஆம் வருஷத்துப் பத்திரிகைப் பதிவுச் சட்டப்படி, அச்சிடுபவரும் வெளியிடுபவரும் மாஜிஸ்திரேட் முன் ஆஜராகி உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பிரதியிலும் பெயர் இருக்க வேண்டும். வழக்கு வந்தால் அந்தப் பத்திரத்தின் நகலே போதிய சாட்சியம். கையெழுத்திட்டவர் கட்டுரையை எழுதினாரா, படித்தாரா என்றெல்லாம் சர்க்கார் முதலில் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆசிரியர் பெயரை அச்சிட வேண்டும் என்ற கட்டாயம் 1922-ல் கொண்டுவந்த திருத்தத்தில்தான் சேர்ந்தது. அதாவது, காலனியச் சட்டம் எழுதுகிறவனைவிட வெளியிடுகிறவனையே முதலில் அடையாளம் கண்டது. பெருந்துறையிலோ சென்னிமலையிலோ இதழைக் கையில் வாங்கியவன் தலையங்கத்தைப் படித்தான். கோவையில் உட்கார்ந்திருந்த ஜில்லா நிர்வாகம் அடியிலிருந்த வரியையும் சேர்த்துப் படித்தது.

அந்த வரியில் நாகம்மாளின் பெயர் வெளியிடுபவராக வந்தது. 1931 டிசம்பரில் ஈ.வெ.ரா. ஐரோப்பாவுக்குப் புறப்பட்டு 1932 நவம்பரில் திரும்பினார். ஏறக்குறைய பதினொரு மாதம் பத்திரிகை நிற்காமல் வந்தது. எழுத்துப் பணியைக் குத்தூசி குருசாமி போன்றவர்கள் கவனித்தார்கள், பொறுப்பு நாகம்மாளுடையது. திரும்பி வந்தவர் முன்னிலும் உக்கிரமாக எழுதத் தொடங்கினார். ஆறு மாதத்துக்குள், 1933 மே 11-ல் நாகம்மாள் காலமானார். மறுநாளே ஈ.வெ.ரா. திருச்சிக்குப் போய், தடையுத்தரவை மீறி ஒரு திருமணத்தை நடத்திவைத்துக் கைதானார்.

அந்த வாரக் குடி அரசில் மனைவியைப் பற்றி அவர் எழுதிய இரங்கல், தமிழ் உரைநடையில் தனித்து நிற்கும் ஒன்று. பெண் விடுதலையைப் பற்றி ஊருக்குச் சொன்னதில் நூற்றில் ஒரு பங்காவது நாகம்மாள் விஷயத்தில் தான் நடந்துகொண்டதாகச் சொல்லும் யோக்கியதை தனக்கு முழுமையாக இல்லை என்று அதில் ஒப்புக்கொள்கிறார். இதை ஒரு பெரிய மனிதரின் நேர்மை என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவது நம் வழக்கம். ஆனால் அது அச்சான பத்திரிகை எது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். இறந்துபோனவரின் பெயரைத் தாங்கி வந்த பத்திரிகை அது. அவருக்குச் செய்யத் தவறியதைப் பற்றிய வாக்குமூலம் அவருடைய பத்திரிகையிலேயே, அவர் படிக்க முடியாத முதல் வாரத்தில் வருகிறது.

அடுத்து அந்த வரிக்கு ஈ.வெ.ரா.வின் தங்கை எஸ்.ஆர். கண்ணம்மாள் வருகிறார். 1933 அக்டோபர் 29-ந் தேதி இதழில் "இன்றைய ஆட்சிமுறை ஏன் ஒழிய வேண்டும்?" என்ற தலையங்கம் வெளிவந்தது. ராஜத்துவேஷ வழக்குத் தொடர தலைப்பே போதும். டிசம்பரில் எழுதிய அண்ணனும் வெளியிட்ட தங்கையும் கைதானார்கள். விசாரணை கோவையில் நடந்தது. ஈ.வெ.ரா. எதிர்வழக்காடவில்லை, ஓர் அறிக்கை மட்டும் கொடுத்தார். 1934-ல் இருவருக்கும் சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்கப்பட்டன. இதற்கிடையே குடி அரசு நின்று, 1933 நவம்பரில் 'புரட்சி' வந்தது. அதுவும் நின்றபின் 1934-ல் 'பகுத்தறிவு' வந்தது. 1935 ஜனவரியில் மறுபடி குடி அரசு. பத்திரிகையின் பெயர் மாறியபோதெல்லாம் வீடு மாறவில்லை. பகத்சிங்கின் நாத்திகக் கட்டுரையை ஜீவானந்தம் மொழிபெயர்க்க, அதை வெளியிட்டதற்காக 1935-ல் ஜீவாவோடு கைதானவர் தமையன் ஈ.வெ. கிருஷ்ணசாமி. 1938-ல் இந்தி எதிர்ப்பின்போது 'விடுதலை'யின் வெளியீட்டாளராகச் சிறை சென்றவரும் அவரே. மனைவி, தங்கை, தமையன் என்று குடும்பமே முறைவைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

இதைச் சுலபமாக இரண்டு விதத்தில் படிக்கலாம். ஒன்று, இந்தப் பெண்கள் இயக்கத்தின் வீராங்கனைகள் என்பது. மற்றது, ஆண் எழுதுவதற்காகப் பெண்ணின் பெயர் கேடயமாகப் பயன்பட்டது என்பது. இரண்டுமே விஷயத்தின் சிக்கலைத் தட்டையாக்கிவிடுகின்றன. நாகம்மாளும் கண்ணம்மாளும் வெறும் பினாமிகள் அல்லர். 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் செய்தவர்கள்; 1924-ல் வைக்கம் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டவர்கள். கையெழுத்தின் விளைவு என்ன என்று தெரிந்தே போட்டவர்கள். அதேசமயம், அந்தக் கையெழுத்தை மறுக்கும் இடம் அவர்களுக்கு இருந்ததா என்ற கேள்வியை இந்த வீரம் அழித்துவிடாது. ஒரு குடும்பத்தில் மனைவியிடமும் தங்கையிடமும் கேட்பதற்கும் உத்தரவிடுவதற்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. குடும்பம் என்ற அமைப்பையே கேள்விக்குள்ளாக்கிய பத்திரிகை, குடும்பம் என்ற அமைப்பின் பலத்தில்தான் நின்றது. இந்த முரண்பாட்டைக் கண்டதாலேயே அந்த இரங்கல் அவ்வளவு கனமாக இருக்கிறது.

பெயர் அவர்களுக்குச் சாதாரண விஷயமும் அல்ல. 1927 டிசம்பரில் ஈ.வெ.ரா. தன் பெயரின் பின்னாலிருந்த 'நாயக்கர்' என்பதைக் குடி அரசில் நீக்கினார். அச்சில் வரும் பெயர் ஒரு நிலைப்பாடு என்று அறிந்த பத்திரிகை அது. அப்படியிருக்க, அதே இதழில் வந்த பெண்களின் பெயர்களை மட்டும் நாம் அலுவலகச் சடங்காக ஒதுக்கியது எப்படி? ஈரோட்டுக்கு வந்து அந்தப் பத்திரிகைகளில் உதவி ஆசிரியர்களாக வேலை செய்த அண்ணாதுரையையும் கருணாநிதியையும் யாரும் மறக்கவில்லை. எழுதியவர்களுக்குச் சரித்திரம் இடம் ஒதுக்கிவிடுகிறது. பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களுக்கு ஒதுக்குவதில்லை.

இந்த விஷயம் சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கு மிக அருகில் இருக்கிறது. 1867-ஆம் வருஷச் சட்டம் 2024 மார்ச் வரை அமலில் இருந்தது. அந்தச் சட்டத்தின் கீழ்தான் நம்முடைய பத்திரிகைகளும் பதிவாயின. அரசாங்க உத்தியோகத்தில் இருந்த எத்தனையோ ஆசிரியர்கள் மனைவி பெயரிலோ தங்கை பெயரிலோ பத்திரிகை நடத்தினார்கள். அட்டையில் ஆசிரியர் குழு, உள்ளே சண்டை, கடைசிப் பக்கத்தில் கூட்டங்களுக்கு வராத ஒரு பெண்ணின் பெயர். தபால்தலை ஒட்டியவரும், வந்தவர்களுக்குக் காப்பி போட்டவரும், அச்சகக் கடனுக்கு வளையலைக் கழற்றியவரும் பெரும்பாலும் அவரே. நவீனத்துவத்தின் வரலாற்றை எழுதப்போகிறவர்கள் கவிதைகளையும் சர்ச்சைகளையும் மட்டும் தொகுத்தால் போதாது.

பழைய இதழ்களை மறுபதிப்புச் செய்கிறவர்கள் விளம்பரங்களையும் வெளியீட்டு விவரங்களையும் வெட்டிவிட்டுக் கட்டுரைகளை மட்டும் சேர்க்கிறார்கள். காகிதம் மிச்சமாகிறது. வாராவாரம் தவறாமல் வந்து, கோர்ட்டில் சாட்சியமாகவும் நின்ற அந்த ஒரு வரி காணாமல் போகிறது. அதை வெட்டாமல் அச்சிட வேண்டும்.