வெள்ளைக் கையுறைகளும் கடற்கரைக் கொலைகளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஜில்லா ஜில்லாவாகச் சுற்றிவந்து கொலை, கொள்ளை முதலிய பெருங்குற்றங்களை விசாரிக்கும் நீதிபதி ஓர் ஊரில் வந்து இறங்கி, அந்தத் தவணையில் விசாரிப்பதற்கு ஒரு வழக்குகூட இல்லையென்று ஏற்பட்டால், ஜில்லாவின் ஷெரீப் அவருக்கு ஒரு ஜோடி வெள்ளைக் கையுறைகளைச் சன்மானமாக அளிப்பது சம்பிரதாயமாக இருந்தது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொதுவான சம்பிரதாயந்தான் இது. ஆயினும் தங்கள் ஜில்லாக்களில் நீதிபதிகள் கையுறையோடு திரும்பிப் போவதை வேல்ஸ் ஜனங்கள் பெரும் கௌரவமாகக் கொண்டு, தங்கள் தேசத்துக்கே 'வெள்ளைக் கையுறை நாடு' என்று பட்டம் சூட்டி, மேடைகளிலும் பத்திரிகைகளிலும் அதைப் பெருமிதத்தோடு சொல்லிவந்தார்கள். அப்பேர்ப்பட்ட நாட்டின் கடலோரத்தில் இன்றைய நாவலாசிரியர்களும் தொலைக்காட்சிக்காரர்களும் சிருஷ்டித்திருக்கும் பிணங்களைக் கணக்கெடுத்தால், பாவம், அந்த ஷெரீப்புகள் மூர்ச்சித்து விழுவார்கள். அந்தக் கதைகளை இரவு வெகுநேரம் விழித்திருந்து வாசிப்பதில் எனக்கு அலாதியான பிரியம் உண்டு. ஆனால் கையுறைகளின் சரித்திரம் தெரியாமல் வாசிக்கிறவர்களுக்கு அவற்றின் ருசியில் பாதிதான் கிட்டும் என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் பெருமிதத்துக்கு ஒரு புண் காரணமாக இருந்தது. 1847-ஆம் வருஷத்தில், வேல்ஸ் நாட்டின் கல்வி நிலைமையை ஆராய்வதற்காக லண்டன் அரசாங்கம் அனுப்பிய மூன்று கமிஷனர்கள், அவர்களில் ஒருவருக்கும் அந்நாட்டுப் பாஷை தெரியாத நிலையில், ஜனங்களின் அறியாமைக்கும் ஒழுக்கக்கேட்டுக்கும் அவர்களுடைய பாஷையையும், ஆங்கிலத் திருச்சபைக்குப் புறம்பான அவர்களுடைய பிரார்த்தனைக் கூடங்களையுமே பொறுப்பாக்கி, நீல அட்டை போட்ட தடித்த அறிக்கையாக வெளியிட்டார்கள். 'நீலப் புத்தகத் துரோகம்' என்று இன்றளவும் அங்கே வழங்கும் அந்த அவமானத்துக்குப் பதில் சொல்ல, கையுறையைவிடத் தக்க சாட்சி வேறு எது இருக்க முடியும்? ஆங்கில நீதிபதியே வந்து பார்த்து, குற்றமில்லை என்று வெறுங்கையோடு, அல்லது கையுறையோடு, திரும்பிப் போயிருக்கிறாரே!

ஆனால் வழக்கில்லை என்பதும் குற்றமில்லை என்பதும் ஒன்றல்ல. 1536-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி வேல்ஸ் நியாயஸ்தலங்களின் பாஷை ஆங்கிலமாகிவிட்டது. தாய்மொழியில் பேசச் சாட்சிகளுக்கு ஓரளவேனும் சட்டபூர்வமான உரிமை 1942-இல்தான் கிடைத்தது. தன் பாஷை தெரியாத நீதிபதியின் முன்னால், தன் பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டிக்கொடுக்க எந்தக் கிராமத்தான் முன்வருவான்? மனைவியை அடித்தவனையும் பெண்ணை ஏமாற்றியவனையும் தண்டிக்க ஜனங்கள் தங்களுக்கென்று ஒரு முறை வைத்திருந்தார்கள். இரவு நேரத்தில் முகத்தில் கரி பூசிக்கொண்டு, குற்றவாளியையோ அவனுடைய உருவபொம்மையையோ ஒரு கழியின்மேல் ஏற்றி, கூச்சலும் பறையொலியுமாக ஊர்வலம் விடும் 'மரக்குதிரை' வழக்கமே அது. 1839-க்கும் 1843-க்கும் இடையில் சுங்கவாயில்களைத் தகர்த்த ரெபெக்கா கலகக்காரர்கள் தங்கள் பெண்வேஷத்தையும் கரிமுகத்தையும் இந்த வழக்கத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். ஊர் முழுவதற்கும் தெரிந்த விஷயம் வெளியாளுக்கு மட்டும் தெரியாது என்ற நிலைமை துப்பறியும் கதைக்கு எவ்வளவு வளமான நிலம் என்பதை நாவலாசிரியர்கள் கண்டுகொள்ள வெகுகாலம் ஆயிற்று.

அந்த நிலத்துக்கு வெளியாளைக் கொண்டுவந்து சேர்த்தது ரயில். அபெரிஸ்ட்வித் நகரத்துக்கு 1864-இல் தண்டவாளம் எட்டியது. அடுத்த வருஷமே கடலுக்குள் நீண்ட உல்லாச மேடை திறக்கப்பட்டு, அதற்கடுத்த ஜனவரிப் புயலிலேயே அதன் ஒரு பகுதியைக் கடல் விழுங்கிவிட்டது. ரயில் ஒப்பந்தக்காரரான தாமஸ் ஸாவின், பிரயாணிகள் திரள் திரளாக வரப்போகிறார்கள் என்ற நம்பிக்கையில் கடலோரத்தில் கோபுரங்களும் வளைவுகளுமாக ஒரு மகத்தான ஹோட்டலைக் கட்டத் தொடங்கி, அது முடிவதற்குள் 1866-இல் திவாலாகிப்போனார்; அந்தக் கட்டடத்தைச் சொற்ப விலைக்கு வாங்கி, 1872-இல் அதில் வேல்ஸின் முதல் பல்கலைக்கழகக் கல்லூரியைத் திறந்தார்கள். வடக்கே லண்டட்னோவிலும் ரில்லிலும் இதே கதைதான், திவால் நீங்கலாக. கடலைப் பார்த்த வரிசை வீடுகளில் அறைகளை வாடகைக்கு விட்டு, வேளாவேளைக்கு மணியடித்துச் சாப்பாடு போடும் அம்மாள்கள் பெருகினார்கள். கோடையில் யார் யாரோ வந்து தங்குவார்கள். அவர்கள் பதிவேட்டில் எழுதும் பெயரே அவர்களுடைய பெயர். குளிர்காலத்தில் அறைகள் காலி. 1881-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஞாயிற்றுக்கிழமைகளில் மதுக்கடைகளும் மூடல். பிரார்த்தனைக் கூடமும் பிரயாணி விடுதியும் ஒரே தெருவில் எதிரெதிராக நிற்கும் ஊரில், ஒரு வீட்டு ஜன்னல் திரை விலகுவதை மற்றொரு வீட்டு ஜன்னல் கவனிக்காமல் விடுமா?

இங்கே ஒரு கிளைக்கதை சொல்ல வேண்டும். ஆங்கிள்ஸீ தீவின் கடலோர ஊரான போமாரிஸில் 1829-இல் ஒரு சிறைச்சாலை எழும்பியது. அதன் சிற்பிகளில் ஒருவர் ஜோஸப் ஹான்ஸம். பின்னாளில் ஷெர்லக் ஹோம்ஸ் லண்டன் பனிமூட்டத்தில் ஏறி விரையும் இரட்டைச் சக்கரக் குதிரை வண்டிக்கு 1834-இல் காப்புரிமை வாங்கிய அதே ஹான்ஸம்தான். அச்சிறையில் தூக்கிலிடப்பட்டவர்கள் இருவரே. இரண்டாமவனான ரிச்சர்ட் ரோலண்ட்ஸ், மாமனாரைக் கொன்றதாகத் தீர்ப்பாகி, கடைசிவரை தான் நிரபராதி என்றே சாதித்து, 1862-இல் தூக்குமேடை ஏறியபோது, எதிரே நின்ற மாதாகோவிலின் கடிகார முகங்கள் இனி ஒருபோதும் ஒரே மணியைக் காட்டாதிருக்கக் கடவது என்று சபித்ததாக ஜனங்கள் சொல்லிக்கொள்கிறார்கள். கடிகாரம் பிசகியது காற்றினாலா சாபத்தினாலா என்பது கிடக்கட்டும். தீர்ப்பின்மேல் ஊரார் கொண்ட அவநம்பிக்கையே ஒரு ஐதிகமாக வடிவெடுத்து நிற்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அச்சில் பிரஸித்தி பெற்ற முதல் கடலோரக் கொலையை வேல்ஸுக்குக் கொண்டுவந்தவர் வேல்ஸ்காரர் அல்லர். 'ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' கொலையை எழுதி வெளியிட்ட அதே 1934-ஆம் வருஷத்தில் அகதா கிறிஸ்டி அம்மையார் 'எவன்ஸை ஏன் கேட்கவில்லை?' என்ற நாவலையும் வெளியிட்டார். மார்ச்போல்ட் என்ற கற்பனைக் கடலோர ஊரில், பாதிரியாரின் மகனான பாபி கோல்ஃப் ஆடும்போது பந்து செங்குத்துப் பாறையோரம் போய்விடுகிறது. அதைத் தேடிப் போனவன் கீழே பார்த்தால், விழுந்து குற்றுயிராய்க் கிடக்கும் ஒரு மனிதன். அவன் கண்விழித்து, நாவலின் தலைப்பாக நிற்கும் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு உயிர்விடுகிறான். இதைவிட அழகான தொடக்கத்தை அம்மையார் அதிகம் எழுதியதில்லை. யார் அந்த எவன்ஸ் என்பதை நான் சொல்லப்போவதில்லை. ஆனால் தடுக்கி விழுந்தால் ஓர் எவன்ஸின்மேல் விழ வேண்டிய நாட்டில் ஓர் எவன்ஸைத் தேட விடுவதிலுள்ள குறும்பைப் பாராட்டிய பிற்பாடு, ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். கதை சீக்கிரமே ஹாம்ப்ஷயர் மாளிகைகளுக்குக் குடிபெயர்ந்துவிடுகிறது; வேல்ஸ் அதில் ஒரு பாறையாகவும் ஒரு குடும்பப் பெயராகவும் மட்டுமே இருக்கிறது.

நிஜமான கடலோரம் கற்பனையைவிடக் கைதேர்ந்தது. 1960-ஆம் வருஷம் ரில் நகரத்து விடுதி ஒன்றில், வீட்டுக்கார அம்மாள் ஆஸ்பத்திரியில் இருந்த சமயம், மகன் வீட்டைப் புதுப்பித்துவைக்கலாம் என்றெண்ணி மாடிப்படியோரத்தில் நெடுநாள் பூட்டிக்கிடந்த அலமாரியைத் திறந்தபோது, உலர்ந்து மம்மியாகிப்போன ஒரு ஸ்திரீயின் சடலத்தைக் கண்டான். சுமார் 20 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே குடியிருந்த பெண்மணி அவள். அவள் பெயருக்கு வரவேண்டிய வாராந்தர ஜீவனாம்சம் இரண்டு பவுனை அத்தனை காலமும் வீட்டுக்கார அம்மாள் தவறாமல் வாங்கிவந்திருந்தாள். கழுத்தில் காலுறை இறுகிய அடையாளம் இருந்தது. ஆனால் தொண்டைக் கமறலுக்குக் காலுறையைக் கழுத்தில் சுற்றிக்கொள்வது அக்காலத்துப் பாட்டி வைத்தியம் என்று எதிர்த்தரப்பில் வாதிக்கவே, கொலைக்குற்றச்சாட்டு நிலைக்கவில்லை. பணமோசடிக்காக 15 மாதச் சிறையோடு வழக்கு முடிந்தது. எந்தத் துப்பறியும் நாவலாசிரியரும் இப்படியொரு முடிவை எழுதத் துணியமாட்டார்.

மறு வருஷம் தெற்கே கோவர் தீபகற்பத்தில், பிராந்தி விரிகுடாவையடுத்த பாழடைந்த ஈயச் சுரங்கத்தில், குகை ஆராயப் போனவர்கள் ஓர் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார்கள். 1919-இல் காணாமற்போன மேமி ஸ்டுவர்ட் என்ற நாடகமேடை நர்த்தகியின் எலும்புகள் அவை. முதல் மனைவி உயிரோடிருக்கையில் அவளை மணந்த குற்றத்துக்காக 1920-இல் சிறைசென்ற கணவன் ஜார்ஜ் ஷாட்டனே அவளைக் கொன்றான் என்று 1961-இல் மரண விசாரணை தீர்மானித்தபோது, அவன் செத்து மூன்று வருஷமாகியிருந்தது. அந்த விசாரணையில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எழுந்து, வெகுகாலத்துக்கு முன்பு ஷாட்டன் பாரமான ஒரு மூட்டையைச் சுமக்கமாட்டாமல் தடுமாறியதைத் தாம் பார்த்ததாகச் சாட்சியம் அளித்தார். நாற்பது வருஷங்களுக்கு மேல் ஒருவர் நெஞ்சில் தங்கிய சாட்சியம்! வெள்ளைக் கையுறைகள் எந்தத் துணியால் தைக்கப்பட்டவை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

வேல்ஸ் பாஷையிலேயே மர்மக் கதை எழுதியவர்களும் இல்லாமலில்லை. கடலோரக் கர்னார்வனில் பத்திரிகாசிரியராக விளங்கிய இ. மார்கன் ஹம்ஃப்ரீஸ் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இளைஞர்களுக்காக அத்தகைய நூல்களை இயற்றினார். எனினும் அவை நாட்டெல்லையைத் தாண்டவில்லை. தாண்டச் செய்தது மற்றோர் எவன்ஸ். வேல்ஸ் பாஷைக்கென்று தனித் தொலைக்காட்சி நிலையம் ஏற்படுத்துவதாகக் கொடுத்த வாக்கிலிருந்து அரசாங்கம் பின்வாங்கியபோது, சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று 1980-இல் அறிவித்த தேசியத் தலைவர் க்வின்ஃபார் எவன்ஸ்தான் அவர். அரசாங்கம் பணிந்தது; 1982 நவம்பரில் எஸ் ஃபோர் ஸி நிலையம் தோன்றியது. அந்நிலையம் 2013 அக்டோபரில் ஒளிபரப்பத் தொடங்கிய 'அ க்வித்' தொடர், ஆங்கிலத்தில் 'ஹின்டர்லாண்ட்' என்று பெயர் பெற்று, ஒளிபரப்பாகுமுன்பே டென்மார்க் தேசத்து ஒலிபரப்பு ஸ்தாபனத்தால் வாங்கப்பட்டுவிட்டது.

லண்டனிலிருந்து அபெரிஸ்ட்வித்துக்கு மாற்றலாகி வந்து, கடலோரக் குன்றின்மேல் ஒரு காரவான் வண்டியில் தனித்து வசிக்கும் இன்ஸ்பெக்டர் மத்தையஸ், பேச்சு குறைவும் துக்கம் நிறைவுமான மனிதர். முதல் கதை போர்த் கிராமத்து வீடொன்றின் குளியலறை ரத்தத்தில் தொடங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பாலங்கள் நிற்கும் சாத்தான் பாலத்துப் பள்ளத்தாக்கில் இறங்கி, அங்கே முற்காலத்தில் நடந்த அநாதைக் குழந்தைகள் விடுதியைப் பற்றி ஊரார் வாய்திறக்காமல் காத்துவந்த ரகசியத்தைப் போய்த் தொடுகிறது. ஒவ்வொரு காட்சியையும் நடிகர்கள் இரண்டு பாஷைகளிலும் தனித்தனியே நடித்துக் கொடுத்தார்கள். மத்தையஸ் வெளியாள்தான், ஆனால் பழைய நீதிபதிகளைப் போலன்றி, ஊராரின் பாஷையில் கேள்வி கேட்கத் தெரிந்த வெளியாள். அவரிடம் பொய் சொல்கிறவன் தாய்மொழியிலேயே பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. தொடரின் கவர்ச்சி இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மழையும் சாம்பல் நிற வானமும் ஸ்காண்டிநேவியாவிலும் வேண்டிய மட்டும் கிடைக்கும்.

இதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே, 2001-இல், மால்கம் ப்ரைஸ் என்பவர் இதே ஊரை ஒரு பரிகாசக் கண்ணாடி வழியாகக் காட்டியிருந்தார். 'அபெரிஸ்ட்வித் மோன் அமூர்' என்ற அவருடைய நாவலில் துருயிதப் பூசாரிகளே நகரத்தின் ரவுடிக் கும்பல். லூயி நைட் என்ற தனித்துப்பறிவாளர், அமெரிக்கக் கதைகளின் கசந்த குரலில், கடற்கரை உலாவுமேடையை அளந்துகொண்டு பள்ளிச் சிறுவர்களின் மரணத்தை ஆராய்கிறார். கதையின் அடியில் கிடப்பதோ கன்ட்ரெர் க்வேலாட், கார்டிகன் விரிகுடாவில் மூழ்கிப்போனதாகச் சொல்லப்படும் ராஜ்யம். போர்த் கடற்கரையில் நீர் வற்றும்போது பல்லாயிரம் வருஷத்துக்கு முந்தைய மரங்களின் அடிக்கட்டைகள் வரிசையாகத் தலைகாட்டுகின்றன. 2014-இன் ஆரம்பத்தில் அபெரிஸ்ட்வித்தின் கடலோரச் சாலையை உடைத்தெறிந்த புயல்கள் மணலை வாரிக்கொண்டுபோய், முன் காணாத கட்டைகளையும் வெளிப்படுத்தின.

அந்த ராஜ்யம் மூழ்கியது யாரால் என்பதே இக்கடற்கரையின் மிகப் பழைய குற்ற வழக்கு. இன்று குழந்தைகளுக்குச் சொல்லும் கதைப்படி, அணைக் கதவுகளின் காவலனான ஸெய்தெனின் என்பவன் விருந்தில் குடித்து மயங்கிக் கடலை உள்ளே விட்டுவிட்டான். தாமஸ் லவ் பீகாக் 1829-இல் எழுதிய ஹாஸ்ய நவீனத்துக்குப் பிறகு இந்தக் குடிகாரனின் புகழ் நிலைபெற்றுவிட்டது. ஆனால் அபெரிஸ்ட்வித் குன்றின்மேலுள்ள தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படும் கார்மார்தன் கறுப்புப் புத்தகத்தில், அதாவது சுமார் 1250-ஆம் வருஷத்து ஏட்டில், காணும் பாடல் ஸெய்தெனினை எழுந்துவந்து கடலைப் பார்க்கும்படி அழைப்பதோடு சரி. அதன் சாபமெல்லாம் மெரெரிட் என்ற பெண்ணின்மேல் விழுகிறது. கிணற்றைக் காக்கவேண்டிய பணிப்பெண் அவள் என்று சொல்கிறார்கள். ஒரு பெண்ணின் தலையில் இருந்த பழி எப்போது, எவ்விதமாக ஓர் ஆணின் மதுக்கிண்ணத்துக்கு மாறியது? மதுவிலக்குப் பிரசாரம் ஓங்கிய ஒரு நூற்றாண்டுக்குக் குடிகாரனே உகந்த குற்றவாளியாகத் தோன்றியிருக்கலாம் என்பது என் ஊகம். அதற்கு முந்தைய நூற்றாண்டுகளுக்கு ஒரு பெண் அகப்பட்டதே போதுமாயிருந்திருக்கலாம். மெரெரிட்டின் தரப்பு வாக்குமூலம் எந்த ஏட்டிலும் இல்லை. அவளுக்காக வாதாட யாரேனும் ஒரு நாவலாசிரியர் ஒரு துப்பறிவாளரைப் போர்த் கிராமத்துக்கு அனுப்புவாரானால், அந்தப் புத்தகத்தை முதல் ஆளாக வாங்க நான் தயாராயிருக்கிறேன்.