ஒரே வாங்கில் இருந்தவர்கள்

“காசு கட்டுற ஸ்கூல்ல எல்லா இனத்துப் புள்ளைகளும் இருக்குதுகள், கவர்மெண்ட் ஸ்கூல்ல அவங்கவங்க தனித்தனி.” கொழும்பில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் குறைவு. பார்வைக்கு இது ஓரளவு சரிதான். காரணம் காசுதான் என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

ரோயல் கல்லூரி அரசாங்கத்தினுடையது. சென். தோமஸ் கல்லூரி அங்கிலிக்கன் திருச்சபையினுடையது. சுதந்திரத்திற்கு முன் இரண்டிலும் சிங்கள, தமிழ், முஸ்லிம், பறங்கிப் பிள்ளைகள் ஒரே வாங்கில் இருந்து படித்தார்கள். 1892இல் மருதானையில் தொடங்கிய எங்கட ஸாஹிராவிலும், டி.பி. ஜாயா அதிபராக இருந்த காலத்தில் (1921–1948), முஸ்லிமல்லாத மாணவர்கள் படித்தார்கள். உடைமை வேறு, சமயம் வேறு. போதனாமொழி மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்று, ஆங்கிலம். அந்த வாங்கில் இடம்பிடித்தவை வசதியுள்ள சில குடும்பங்களே என்பதையும் மறைக்கக் கூடாது. கிராமத்துச் சுயபாஷைப் பள்ளிக்கூடத்தில் அன்றைக்கே அவரவர் தனித்தனிதான்.

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. அதோடு தாய்மொழிப் போதனை வகுப்பு வகுப்பாக மேலேறியது. சிங்களப் பிள்ளைக்குச் சிங்களம், தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ். முஸ்லிம்களுக்கு மொழியைத் தெரிவுசெய்யும் வாய்ப்பு இருந்தது. ஏழைப் பிள்ளைக்குக் கதவைத் திறந்த அதே சீர்திருத்தம் வகுப்பறையின் நடுவே சுவரையும் எழுப்பியது. ஒரே வளவு, ஒரே சீருடை, ஒரே கிரிக்கெட் அணி; வகுப்பு மட்டும் வேறு. தனியார் பாடசாலைகளும் இதற்குத் தப்பவில்லை.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசுடைமையாயின. பெரிய கிறிஸ்தவக் கல்லூரிகள் சில தனியாராகவே நின்றுகொண்டன. பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இதில் உண்டு. அப்படிப் பொறுப்பேற்கப்பட்ட பாடசாலைகளில் முதலாம் தர அனுமதிக்கு, பொறுப்பேற்ற வேளையில் இருந்த மத விகிதாசாரத்தைக் கவனிக்க வேண்டும் என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் சொல்கின்றன. ஊரின் சனத்தொகை எப்படி மாறினாலும் கணக்கு அறுபதுகளிலேயே நிற்கிறது!

முஸ்லிம் பாடசாலை என்ற தனிவகையை நான் குறைசொல்ல வரவில்லை. பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்த எழுபதுகளில் அது பலம்பெற்றது. நோன்பு கால விடுமுறையும் முஸ்லிம் ஆசிரியைகளும் இல்லாதிருந்தால், எங்கட பெண்பிள்ளைகளில் எத்தனை பேரின் படிப்பு பாதியில் நின்றிருக்கும்? அதற்குக் கொடுத்த விலையும் சிறியதல்ல. பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளையோடு தெருவில் விளையாடியவன், காலையில் வேறொரு வாசலுக்குப் போனான்.

எண்பதுகளில் பெருகிய சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிகளாகப் பதிவானவை. அவற்றில் இனங்கள் கலந்ததற்கும் ஆங்கிலமே காரணம். காசுதான் காரணமென்றால், கொழும்பிலும் தெஹிவளையிலும் எங்கட ஆக்கள் நடத்தும் சர்வதேசப் பாடசாலைகளிலும் எல்லா இனத்தாரும் இருக்க வேண்டுமே? அங்கே கட்டணமும் உண்டு, ஆங்கிலமும் உண்டு. பிள்ளைகளோ அநேகமாக முஸ்லிம்கள் மட்டும். ஆக, ஒரே மொழி இல்லாமல் கலப்பு வராது. மொழி இருந்தாலும் வாசல் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

இரண்டும் கூடிவருகிற இடம் சில அரசாங்கப் பாடசாலைகளிலேயே இருக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலமொழி வகுப்புகள் திரும்பவும் அனுமதிக்கப்பட்டன. சிங்களப் பிரிவும் தமிழ்ப் பிரிவும் உள்ள பாடசாலைகளில், ஆறாம் தரத்திலிருந்து கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் அந்தப் பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கிறார்கள். தாய்மொழிப் பாடத்துக்கும் சமய பாடத்துக்கும் மணியடித்தால் பிரிந்துபோய், முடிந்ததும் திரும்பி வருகிறார்கள். கட்டணம் எதுவும் இல்லை.