டாப் கேட் (தொலைக்காட்சித் தொடர்)

டாப் கேட் என்பது அமெரிக்காவின் ஹன்னா-பார்பரா நிறுவனம் தயாரித்த கார்ட்டூன் தொடர். ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 1961 செப்டம்பர் 27 முதல் 1962 ஏப்ரல் 18 வரை புதன்கிழமை இரவுகளில் ஒளிபரப்பானது. நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில், ஒரு சந்தில் குப்பைத்தொட்டிகளுக்கிடையே குடியிருக்கும் ஆறு தெருப் பூனைகளும், அவற்றை அடக்கப் பார்த்து வாரந்தோறும் தோற்கும் ஒரு போலீஸ்காரருமே இதன் மாந்தர். அரை மணி நேர அளவில் மொத்தம் 30 கதைகள் வெளிவந்தன. சொந்த நாட்டில் ஒரே பருவத்தோடு நின்றுபோன இத்தொடர், பிரிட்டனிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் பல தலைமுறைகளுக்கு நிலைத்தது.

தோற்றம்

வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் எம்.ஜி.எம். படநிறுவனத்தில் டாம் அண்ட் ஜெர்ரி குறும்படங்களை உருவாக்கியவர்கள். அவ்வரிசைக்கு ஏழு ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. 1957இல் எம்.ஜி.எம். தன் கார்ட்டூன் பிரிவை மூடியபோது இருவரும் சொந்த நிறுவனம் தொடங்கித் தொலைக்காட்சிக்கு வந்தனர். அங்கே கிடைத்த பணம், திரையரங்குக் குறும்படத்துக்குச் செலவானதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே படம் வரைவதைக் குறைத்து, பேச்சைக் கூட்டினார்கள். டாமும் ஜெர்ரியும் அநேகமாக வாய் திறக்காதவை. தொலைக்காட்சிக்காகப் பிறந்த மிருகங்களோ வாயாலேயே பிழைத்தன.

1960 செப்டம்பர் 30 அன்று ஏ.பி.சி.யில் தொடங்கிய இவர்களது ஃபிளின்ட்ஸ்டோன்ஸ் தொடர், கார்ட்டூனைக் குழந்தைகளின் நேரத்திலிருந்து பெரியவர்களின் இரவு நேரத்துக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்மாதிரி ஜாக்கி கிளீசன் நடித்த ஹனிமூனர்ஸ் என்ற நகைச்சுவைத் தொடர். ஓடி முடிந்த ஒரு வெற்றித் தொடரின் அச்சை எடுத்து, அதில் வேறு உடலை வார்ப்பது என்ற இந்த வழி பலித்ததால், அடுத்த ஆண்டும் அதையே கையாண்டார்கள். இம்முறை எடுத்துக்கொண்ட அச்சு பில் சில்வர்ஸ் தொடர்.

நாட் ஹைக்கன் உருவாக்கி, 1955 முதல் 1959 வரை சி.பி.எஸ். தொலைக்காட்சியில் வந்த தொடர் அது. கான்சாஸ் மாநிலத்தில் உள்ள கற்பனையான ராணுவ முகாமொன்றில் மோட்டார் வண்டிப் பிரிவின் சார்ஜென்ட் எர்னி பில்கோ (நடிகர் பில் சில்வர்ஸ்), சீட்டாட்டம், பந்தயம், வசூல், வாடகை எனப் பணம் பண்ணும் வழிகளை மட்டுமே யோசிப்பவர். அவருக்குக் கீழே சொன்னதைத் தட்டாத சிப்பாய்க் கூட்டம். மேலே எல்லாம் தெரிந்தும் கையும் களவுமாகப் பிடிக்க முடியாத கர்னல். முகாமுக்குப் பதில் தெருச்சந்து என்று வைத்தால் டாப் கேட் வந்துவிடுகிறது: பில்கோ தலைமைப் பூனை, சிப்பாய்கள் கூட்டாளிப் பூனைகள், கர்னல் போலீஸ்காரர் டிபிள்.

டாப் கேட்டின் மூலத்தை 1930களின் தெருப் பையன் படங்களில் தேடுவோரும் உண்டு. 1937இல் வெளிவந்த டெட் எண்ட் திரைப்படத்தில் நியூயார்க் ஆற்றங்கரைச் சேரிச் சிறுவர்களாக நடித்த குழு, பின்னர் பவரி பாய்ஸ் என்ற பெயர் வரைக்கும் பல படங்களில் தொடர்ந்தது. அந்த முதற்படத்தில் ரவுடியின் கையாளாக நடித்த ஆலன் ஜென்கின்ஸ்தான் டாப் கேட்டில் டிபிளுக்குக் குரல் கொடுத்தார் என்பதை இவர்கள் சான்றாகக் காட்டுவர். ஆனால் இது சூழல் ஒற்றுமை மட்டுமே. பில்கோ தொடரில் டோபர்மன் என்ற குண்டுச் சிப்பாயாக நடித்த மாரிஸ் காஸ்ஃபீல்டே இங்கு குண்டுப் பூனை பென்னியாகப் பேசுகிறார். பில்கோவுக்கு எழுதிய பாரி பிளிட்சர் இத்தொடருக்கும் எழுதினார். ஆகவே மூலம் பில்கோதான் என்று கொள்வதில் தடையில்லை. பில்கோவின் மெய்யான படைப்பாளியான ஹைக்கன், இதே 1961 செப்டம்பரில் என்.பி.சி.யில் கார் 54 என்ற புதுத் தொடரைத் தொடங்கினார். அதுவும் நியூயார்க் போலீஸ்காரர்களைப் பற்றியது. இரண்டு பருவங்கள் ஓடியது.

வகைப்பாடு

அமெரிக்கக் கார்ட்டூன் பூனைகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதல் வகை, தனித்துத் திரியும் பூனை. 1919இல் பேசாப்படக் காலத்தில் தோன்றிய ஃபீலிக்ஸ் இதற்கு முன்னோடி. இரண்டாவது, துரத்தும் பூனை. 1940இல் வந்த டாம் எலியையும், 1945இல் வந்த சில்வெஸ்டர் பறவையையும் துரத்தித் துரத்தி அடிபட்டன. மூன்றாவது, கூட்டம் சேர்க்கும் பூனை. இவ்வகைக்கு மூலவர் டாப் கேட்.

இத்தொடரில் எலி வேட்டைக்கு இடமில்லை. பூனைகள் பசிக்கு இரை தேடுவதைவிடச் செல்வந்தரைத் தேடுவதே அதிகம். இரண்டு காலில் நடக்கின்றன. மேலுக்குச் சட்டையோ துண்டோ டையோ உண்டு, கீழுக்கு ஒன்றுமில்லை. மனிதரோடு சரிக்குச் சரி பேசுகின்றன, அதைக் கதையில் எவரும் வியப்பதில்லை. பூனையாக இருப்பதால் அவற்றுக்கு உள்ள ஒரே குறை, வீடில்லாமை. எனவே இதை விலங்குக் கதை என்பதைவிட, வேலைவெட்டி இல்லாத நகரத்து எத்தர்களின் கதை என்பதே பொருந்தும். 1984இல் ஹீத்கிளிஃப் தொடரின் இரண்டாம் பகுதியாக வந்த, பழைய கார்க் கிடங்கில் வாழும் ரிஃப்-ராஃப் என்ற பூனையின் கூட்டம், டாப் கேட்டின் வழிவந்ததே.

கதைக்களமும் மாந்தரும்

ஹோகி சந்து என்ற கற்பனைச் சந்தில் கதை நடக்கிறது. அங்கே ஒரு குப்பைத்தொட்டி டாப் கேட்டின் படுக்கையறை. பக்கத்துக் கம்பத்தில் காவல் துறை பொருத்திய தொலைபேசி, ரோந்து போலீஸ்காரர் நிலையத்தோடு பேசுவதற்கானது. நடைமுறையில் அது டாப் கேட்டின் சொந்தத் தொலைபேசி. போலீஸ்காரர் பேச வரும் வேளையில் பூனை குதிரைப் பந்தயம் விசாரித்துக்கொண்டிருக்கும். குப்பைத்தொட்டி மூடிகளை ஒன்றோடொன்று தட்டினால், சந்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் கூட்டாளிகள் வந்து குவிவார்கள்.

டாப் கேட்: கூட்டாளிகளுக்கு டி.சி. மஞ்சள் நிறம், ஊதா நிறத்தில் கையில்லாச் சட்டை, அதே நிறத் தொப்பி. உழைக்காமல் உயர்வதற்கு வாரம் ஒரு திட்டம் வைத்திருக்கும் வாய்ஜாலக்காரன்.

பென்னி: நீல நிறம், குட்டை, குண்டு. டி.சி.யின் வலது கை. சூதுவாது தெரியாத பேச்சால் திட்டத்தின் நெளிவுசுளிவை எல்லாம் போட்டு உடைப்பது இவன்தான்.

சூ-சூ: இளஞ்சிவப்பு நிறம், கழுத்தை மூடிய வெள்ளை ஸ்வெட்டர். அடிக்கடி காதலில் விழுபவன்.

ஃபேன்சி-ஃபேன்சி: கழுத்தில் வெள்ளைத் துண்டு, பெண் பூனைகளிடம் தேனொழுகப் பேசும் மைனர்.

ஸ்பூக்: கழுத்தில் டை, அக்காலத்து ஜாஸ் இளைஞர்களின் கொச்சையில் பேசுபவன்.

பிரெய்ன்: பெயரில் மட்டும் மூளை உள்ளவன். இரகசியத்தை இவனிடம் சொன்னால் அது போலீஸ்காரருக்குப் போய்விடும்.

காவலர் சார்லி டிபிள்: சட்டத்தின் பக்கம் நிற்கும் நல்ல மனிதர். பூனைகளை விரட்டுவதாக மிரட்டுவார். ஆனால் அவை இல்லாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

கதைகள் பெரும்பாலும் ஆள்மாறாட்டத்தில் நடக்கும். தாயிடம் தன்னை நியூயார்க் மேயர் என்று பென்னி சொல்லிவைத்திருக்க, மகனைப் பார்க்க அவள் ஊரிலிருந்து வந்துவிடுவது ஒரு கதை. காணாமற்போன பணக்கார வாரிசின் சாயலில் பென்னி இருப்பதை டி.சி. காசாக்கப் பார்ப்பது மற்றொன்று. ஏ.டி. ஜாஸ் என்ற வேற்றூர்ப் பூனை வந்து சந்தையும் கூட்டாளிகளையும் கவர்ந்துகொள்வதும், பூக்காஜி மகாராஜா என்ற கற்பனை இந்திய மன்னர் நியூயார்க் வருவதும் நன்கு நினைவுகூரப்படுபவை. எல்லாவற்றிலும் முடிவு ஒன்றே: கைக்கு வந்தது வாய்க்கு வராது. பூனைகள் மறுவாரமும் அதே தொட்டியில்தான் விழிக்கும்.

குரல்கள்

டி.சி.யின் குரல் ஆர்னால்ட் ஸ்டாங். வானொலியிலும் திரைப்படத்திலும் மூக்கால் பேசும் நியூயார்க்காரராக அறியப்பட்டவர். ஹெர்மன் என்ற கார்ட்டூன் எலிக்குப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தவர். எலியாக இருந்தவர் பூனையானார். டி.சி.க்காக அவர் தன் இயல்பான கீச்சுக் குரலைத் தணித்து, பில் சில்வர்ஸின் வேகத்தையும் கட்டளைத் தொனியையும் ஏற்றார். சூ-சூவாக மார்வின் கேப்லனும், பிரெய்ன், ஸ்பூக் இரண்டுக்கும் லியோ டி லையனும், ஃபேன்சியாக ஜான் ஸ்டீஃபன்சனும் பேசினர். டிபிளாகப் பேசிய ஜென்கின்ஸ், 1930களின் வார்னர் படங்களில் டாக்சி டிரைவராகவும் அடியாளாகவும் நடித்துப் பழகியவர். தலைப்புப் பாடலுக்கு இசையமைத்தவர் நிறுவனத்தின் நிரந்தர இசையமைப்பாளர் ஹோய்ட் கர்ட்டின்.

அசைவூட்ட முறை

இத்தொடர் குறைந்த அசைவு முறையில் வரையப்பட்டது. முழு உருவத்தையும் நொடிக்குப் பலமுறை புதிதாக வரையாமல், உடலை அசையாமல் நிறுத்திவிட்டுத் தலை, வாய், கை ஆகியவற்றை மட்டும் தனித் தகடுகளில் வரைந்து மேலே வைத்துப் படமெடுப்பது இம்முறை. அசையும் தலையும் அசையாத உடலும் சேருமிடம் கண்ணுக்குத் தெரியக் கூடாது. அதற்காகவே ஹன்னா-பார்பரா மிருகங்களின் கழுத்தில் ஏதாவது ஒன்று கிடக்கும். ஃபேன்சியின் துண்டும், ஸ்பூக்கின் டையும், சூ-சூவின் உயர்கழுத்து ஸ்வெட்டரும் அலங்காரம் மட்டுமல்ல. ஒட்டுப்போட்ட இடத்தை மறைக்கும் தந்திரமும்கூட. சந்தில் பூனை நடக்கும்போது அதே சுவரும் அதே சன்னலும் மீண்டும் மீண்டும் பின்னால் ஓடுவதும் சிக்கனத்தின் விளைவே.

சிக்கனம் எங்கும் குறையாகிவிடவில்லை. பேச்சே கதையை நடத்துவதால், ஆறு பூனைகள் வரிசையாக நின்று பேசும் காட்சி மேடை நாடகம்போல் எடுபடுகிறது. தொடக்கப் பாடல் காட்சியில், டி.சி. ஓட்டல் வாயிற்காவலரின் கையில் நாணயத்தைப் போட்டுவிட்டு, அதில் கட்டியிருந்த நூலைச் சுண்டி எடுத்துக்கொள்ளும். பாத்திரத்தின் குணம் முழுவதும் இந்தச் சில நொடிகளில் அடங்கிவிடுகிறது.

ஒளிபரப்பு

தொடர் வண்ணத்தில் தயாரிக்கப்பட்டது, ஆனால் ஏ.பி.சி. அப்போது வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியிருக்கவில்லை. ஆகவே டி.சி.யின் ஊதாச் சட்டையை அமெரிக்கர் முதலில் கறுப்பு வெள்ளையில்தான் கண்டனர். ஏ.பி.சி.யின் முதல் வண்ணத் தொடர் என்ற பெயர், அடுத்த செப்டம்பரில் வந்த ஹன்னா-பார்பராவின் ஜெட்சன்ஸுக்குப் போயிற்று. சிட்காம் என்ற நகைச்சுவைத் தொடர்களின் வழக்கப்படி பதிவுசெய்த சிரிப்பொலியும் சேர்க்கப்பட்டது.

ஃபிளின்ட்ஸ்டோன்ஸின் வெற்றியைப் பார்த்து எல்லோரும் இரவு நேரக் கார்ட்டூனில் இறங்கிய பருவம் அது. ஏ.பி.சி.யின் கால்வின் அண்ட் த கர்னல், சி.பி.எஸ்.ஸின் ஆல்வின் ஷோ இரண்டும் அதே பருவத்தில் தொடங்கி அதோடு முடிந்தன. டாப் கேட்டும் அந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது, தரக்குறைவால் அல்ல. பின்னர் சனிக்கிழமைக் காலை மறுஒளிபரப்புகளில்தான் குழந்தைகள் இதைக் கண்டெடுத்தனர்.

பிற நாடுகளில்

பிரிட்டனில் பி.பி.சி. 1962இல் ஒளிபரப்பத் தொடங்கியது. அங்கே டாப் கேட் என்ற பெயரில் பூனைத் தீனி ஒன்று கடைகளில் விற்றுவந்தது. விளம்பரத்துக்கு இடம் தராத பி.பி.சி., தொடரின் பெயரை பாஸ் கேட் என்று மாற்றித் தலைப்பட்டையையும் வெட்டி ஒட்டியது. பாடலைத் தொடவில்லை; ஆகவே திரையில் ஒரு பெயரும் காதில் வேறு பெயருமாக அது பல ஆண்டுகள் ஓடியது. மான்செஸ்டர் வட்டாரத்தில் போலீஸ்காரரை இன்றும் டிபிள் என்றழைப்பது இத்தொடரின் எச்சம்.

மெக்சிக்கோவில் நடந்தது இதைவிடப் பெரிது. டான் காத்தோவும் அவன் கூட்டமும் என்ற பொருளுள்ள ஸ்பானியத் தலைப்பில் அங்கு செய்யப்பட்ட மொழிமாற்றம், மூலத்தையே மறக்கடித்தது. தலைவனுக்கு ஹூலியோ லுசேனா பேசினார். பென்னி, பெனிட்டோ பொடோக்கே ஆனான். சூ-சூ, கூச்சோ ஆனான். இவ்விருவருக்கும் ஹோர்ஹே அர்விசு ஒருவரே குரல் கொடுத்தார்: பெனிட்டோவுக்குக் குழந்தைக் குரல், கூச்சோவுக்கு யூக்கத்தான் வட்டார வழக்கு. மன்ஹாட்டன் பூனை தென்கிழக்கு மெக்சிக்கோவின் இழுவையில் பேசியதும் அது உள்ளூர்ப் பூனையாகிவிட்டது. போலீஸ்காரர் மட்டூட்டேயாக விக்டர் அல்கோசர் பேசினார். பிரேசிலில் மண்ட-ஷூவா என்ற பெயரில் வந்தபோது, தலைவனின் குரல் புகழ்பெற்ற நடிகர் லிமா டுவார்ட்டே. ஹன்னா-பார்பராவின் பழைய தொடர்களை இந்திய வீடுகளுக்குக் கொண்டுவந்தது 1995இல் தொடங்கிய கார்ட்டூன் நெட்வொர்க்.

பிந்தைய ஆக்கங்கள்

1988இல் டாப் கேட் அண்ட் த பெவர்லி ஹில்ஸ் கேட்ஸ் என்ற தொலைக்காட்சிப் படம் வந்தது. ஸ்டாங் மீண்டும் பேசினார். முதல் திரையரங்குப் படத்தை எடுத்தது ஹாலிவுட் அல்ல. மெக்சிக்கோவின் ஆனிமா எஸ்டுடியோஸ் அர்ஜென்டினக் கூட்டுத் தயாரிப்பாக, ஆல்பர்ட்டோ மார் இயக்கத்தில் எடுத்த அப்படம் 2011 செப்டம்பர் 16 அன்று, மெக்சிக்கோவின் விடுதலை நாளில் வெளியாகிப் பெரும் வசூல் கண்டது. பிரிட்டனில் விமர்சகர்கள் அதை ஏற்கவில்லை. கூட்டம் சேர்ந்த கதையைச் சொல்லும் கணினி வரைகலைப் படம் 2015இல் வந்தது. ஹன்னா-பார்பராவின் படைப்புகள் தற்போது வார்னர் நிறுவனத்திடம் உள்ளன. 2021இல் தொடங்கிய ஜெல்லிஸ்டோன் தொடரிலும் டாப் கேட் கூட்டம் இடம்பெற்றது.