பிளம் அம்மை வைரஸின் திரிபுகள்

முதல் உலகப் போர்க்காலத்தில் பல்கேரியாவின் பிளம் தோப்புகளில், இலைகளில் வெளிறிய வளையங்களும் பழங்களில் குழிந்த தழும்புகளும் தோன்றிக் காய்கள் முதிருமுன்பே உதிரச் செய்த ‘ஷார்க்கா’ என்னும் அம்மை நோய், வைரஸால் வருவதென 1932-இல் திமித்தர் அதனாசோவ் விளக்கினார். அசுவினிப் பூச்சிகளாலும் ஒட்டுக்கன்றுகளாலும் பரவும் இவ்வைரஸ் எங்கும் ஒரே தன்மையதன்று என்பது, எதிர்ப்பொருள்களோடு அது வினைபுரியும் விதத்தை ஒப்பிடும் ஊநீரியல் ஆய்வுகளால் 1970-களில் புலனாயிற்று. பிரான்சின் ஆப்ரிகாட் மரத்தில் கிடைத்த திரிபு ‘டி’ எனவும், கிரேக்கத்தின் பீச் மரத்தில் கிடைத்து, பீச் தோப்புகளில் விரைந்து பரவும் திரிபு ‘எம்’ எனவும் பெயர்பெற்றன. மரபணு வரிசையை ஒப்பிடும் முறை வந்தபின், எகிப்தின் திரிபும் செர்ரியைத் தாக்கும் திரிபும் தனியே பிரித்தறியப்பட்டன. 1999-இல் பென்சில்வேனியாவில் ‘டி’ திரிபு கண்டறியப்பட்டு, நோயுற்ற தோப்புகள் அழிக்கப்பட்டு, 2019-இல் அமெரிக்கா இந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது, நுட்பமான இவ்வகைப்பாட்டறிவு உழவர் வாழ்வுக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை உணர்த்துகிறது.