அரூப ஓவியம்: தமிழகத்தில் இயற்கைச் சுழற்சியும் பிரபஞ்சமும்

பிறப்பு, வளர்ச்சி, அழிவு, மறுமுளைப்பு என்னும் இயற்கையின் சுழற்சியையும், காலம், வெளி, ஐம்பூதங்கள் ஆகியவற்றின் புதிரையும் கோடு, நிறம், குறியீடு ஆகியவற்றால் உணர்த்தும் ஓவியப் போக்கு. தமிழகத்தில் 1960களில் சென்னைக் கலைப் பள்ளியைச் சார்ந்து வலுப்பெற்றது. காலத்தையும் வானத்தையும் கட்டங்களாகவும் எழுத்துகளாகவும் வரையும் பழைய வழக்கம் இம்மண்ணில் இருந்தது. அதிலிருந்தே இப்போக்கு தன் தனித்தன்மையைப் பெற்றது.

முன்வரலாறு

ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் மலையாம்பட்டு அருகேயுள்ள ஆர்மாமலைக் குகையில் ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சமண ஓவியங்களின் எச்சங்கள் உள்ளன. எண்திசைக் காவலர்களும் தாமரைப் பொய்கையும் அவற்றின் பொருள்கள். உருவம் கொண்ட ஓவியங்களே ஆயினும், திசைகள் அனைத்தையும் ஒரு பாறை விதானத்தில் அடக்கும் எண்ணம் அவற்றில் உண்டு. ஜாதகக் கட்டம், எந்திரத் தகடு, புள்ளிக் கோலம் போன்றவை அதே எண்ணத்தை உருவமின்றி வீடுகளுக்குள் கொண்டுவந்தன.

இத்தகைய தேடல் தமிழகத்துக்கு வெளியேயும் இருந்தது. ஐரோப்பாவில் சுவீடன் நாட்டு ஓவியர் ஹில்மா ஆஃப் கிளிண்ட், மனித வாழ்வின் பருவங்களை 1907இல் பத்துப் பெரிய அரூப ஓவியங்களாகத் தீட்டினார். இந்தியாவில் எஸ். எச். ரசாவின் ‘பிந்து’ ஓவியங்கள் விதையையும் அண்டத்தின் மையத்தையும் ஒரே வட்டத்தில் கண்டன.

சென்னைக் கலைப் பள்ளி

அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய பள்ளியே இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. கைவினைப் பயிற்சிக்காகத் தோன்றிய இப்பள்ளியை 1929 முதல் 1957 வரை தேவி பிரசாத் ராய் சௌத்ரி நடத்தினார். அடுத்து முதல்வரான கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977), நம் நவீன ஓவியம் நம் மரபின் கோட்டிலிருந்து எழ வேண்டும் என்று மாணவர்களைத் தூண்டினார்.

1963 வாக்கில் அவர் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை இப்போக்கின் திருப்புமுனை. ஒரு மாணவரின் நோட்டுப் புத்தகத்தில் கண்ட எண்களும் வடிவங்களும் அதற்குத் தூண்டுதலாயின. ஜாதகக் கட்டங்கள், கிரகக் குறிகள், மலையாள எழுத்துச் சாயல் கொண்ட வரிகள், சிறு உயிரினங்கள் ஆகியவை பரந்த நிறவெளியில் ஓலைச்சுவடிபோல் நெருங்கி நிற்கும். அவ்வரிகளை வாசித்துப் பொருள் காண முடியாது. ஒரு மனிதனின் பிறந்த நேரத்தைக் கோள்களோடு பிணைக்கும் பழைய நம்பிக்கையின் காட்சி வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அண்டத்தின் முன் மனிதன் கொள்ளும் வியப்பை அவர் ஓவியமாக்கினார்.

சோழமண்டலமும் தாந்திரிகச் சாயலும்

பணிக்கரும் மாணவர்களும் 1966இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவினர். பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களை விற்ற வருவாய் அவர்களைத் தாங்கியது. ஓவியத்தை விற்றுத்தான் உண்ண வேண்டும் என்ற நெருக்கடி தளர்ந்ததால், வாங்குவோர் அரிதான அரூபத்தில் துணிந்து இறங்க முடிந்தது.

அங்கிருந்த கே. வி. ஹரிதாசன் ‘பிரம்மசூத்திரம்’ வரிசையில் முக்கோணம், வட்டம் போன்ற தாந்திரிக எந்திர வடிவங்களைக் கொண்டு படைப்பின் தோற்றத்தை ஆராய்ந்தார். பாரிசுக்குக் குடிபெயர்ந்த விஸ்வநாதன் வடிவியல் ஓவியங்களோடு நில்லாமல், ஐம்பூதங்களைப் பற்றித் திரைப்படங்களும் எடுத்தார்.

சுழற்சி, நிலம், வெளி

ஆர். பி. பாஸ்கரன் (பி. 1942) ‘வாழ்க்கைச் சுழற்சி’ என்ற வரிசையால் அறியப்படுபவர். பிறப்பும் பெருக்கமும் மறைவும் அதன் கரு.

கே. எம். ஆதிமூலம் (1938–2008) திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரில் பிறந்தவர். காந்தியைப் பற்றிய கோட்டோவியங்களாலும், எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு வரைந்த படங்களாலும் ஓவியக் கூடம் பக்கம் போகாத வாசகர்களையும் எட்டினார். பின்னாளில் உருவங்களை விடுத்து, மண், நீர், ஒளி ஆகியவற்றின் நினைவை நிறப்பரப்புகளாக மாற்றினார். கோட்டில் கைதேர்ந்த ஒருவர் கோட்டையே கரைத்து நிறத்துக்குள் சென்றது தமிழக ஓவியத்தின் அரிய பயணங்களுள் ஒன்று.

தேவகோட்டையில் 1957இல் பிறந்த ஆர்எம். பழனியப்பன், அச்சோவியத்தில் எண்கள், வரைபடக் கோடுகள், பறத்தலின் தடங்கள் ஆகியவற்றைக் கையாண்டு காலம், வெளி, இயக்கம் பற்றிய கேள்விகளை எழுப்பினார். கணிதமும் அறிவியலும் இவர் வழியே இப்போக்கில் அழுத்தமாக இடம்பெற்றன.

வட ஆர்க்காட்டின் பங்கு

ஏ. பி. சந்தானராஜ் (1932–2009) திருவண்ணாமலையில் பிறந்தார். வேலூரைத் தலைமையிடமாகக் கொண்ட வட ஆர்க்காடு மாவட்டத்தில் அப்போது இருந்த அவ்வூர், 1989இல்தான் தனி மாவட்டத்தின் தலைமையிடமானது. மனிதர், விலங்கு, செடிகொடி அனைத்தும் ஓடும் கோட்டிலிருந்து முளைத்து மீண்டும் அதிலேயே கலக்கும் வகையில் அவர் வரைந்தார். முழு அரூபம் என்று அவற்றைச் சொல்ல இயலாது. எனினும் உயிர்களுக்கிடையே எல்லை இல்லை என்ற பார்வையை அவரளவு இயல்பாகக் கோட்டில் கொண்டுவந்தவர் சிலரே. சென்னைக் கல்லூரியில் ஆசிரியராகவும் முதல்வராகவும் இருந்து அடுத்த தலைமுறையை உருவாக்கினார்.

காணக் கிடைக்கும் இடங்கள்

சோழமண்டலத்தில் 2009இல் திறக்கப்பட்ட காட்சியகம் சென்னைக் கலைப் பள்ளியைச் சார்ந்தோரின் ஓவியங்களையும் சிற்பங்களையும் ஒரே இடத்தில் காட்டுகிறது. திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் பணிக்கருக்கெனத் தனிக்கூடம் உண்டு. அச்சுப் படங்களில் பணிக்கரின் நுண்வரிகளும் ஆதிமூலத்தின் நிற அடுக்குகளும் பெரும்பாலும் தொலைந்துபோகின்றன. ஆகவே இவ்வோவியங்களை நேரில் நின்று பார்ப்பதே முறை. பள்ளி, கல்லூரி மாணவர்களை இக்கூடங்களுக்கு அழைத்துச் செல்வது, தமிழகம் தன் நவீன ஓவியர்களுக்குச் செலுத்த வேண்டிய கடன்.