ஸ்காட்லாந்து கற்ற பிரசங்க முறை

ஆங்கிலம் பயிலும் மாணவர்களுக்கு அலுவலகச் சபையில் பேசக் கற்பிக்கும் ஆசிரியர் இன்று எந்தத் தேசத்தவராயினும், முதலில் விஷயத்தை அறிமுகம் செய்யவும், அதன் பகுதிகள் இன்னின்னவை என்று முன்னதாகவே சொல்லிவிடவும், பிறகு அவற்றை வரிசை பிறழாது விளக்கவும், முடிவில் சாரத்தைத் தொகுத்துரைக்கவும் பழக்குகிறார். ஆதியில் கிரேக்கரும் ரோமரும் கண்ட இக்கிரமம் ஆங்கில வகுப்பறைப் பாடமாக உருப்பெற்ற சரித்திரத்தில், வீட்டில் அந்த ஆங்கிலத்தைப் பேசி வளராத ஒரு ஜனசமூகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து மக்கள்.

1707 இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே ராஜ்யமாக இணைந்து, எடின்பரோவிலிருந்த பார்லிமெண்டு கலைந்து, ராஜ்ய விவகாரங்களுக்கெல்லாம் லண்டன் ஒன்றே ஸ்தானமாகிவிடவே, ஸ்காட்ஸ் மொழி பேசி வளர்ந்த வக்கீல்களும் பிரபுக்களும், கல்வியில் எவருக்கும் இளைத்தவர் அல்லராயினும், அந்நகரத்துச் சபைகளில் வாய் திறக்கக் கூசினர். தத்துவ ஞானியான டேவிட் ஹியூமே, தம் நாட்டார் எழுத்தில் புகுந்துவிடும் ஸ்காட்லாந்துப் பிரயோகங்களைத் தொகுத்து ஒரு ஜாபிதா வெளியிட்டார். 1761 இல் அயர்லாந்து நடிகர் தாமஸ் ஷெரிடன் எடின்பரோவுக்கு வந்து உச்சரிப்பைப் பற்றி உபந்யாசங்கள் செய்தபோது, நகரத்துப் பெரிய மனிதர் பலர் மாணாக்கராய் அவர்முன் அமர்ந்தனர். ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் வாசிப்பதையும் பேசுவதையும் வளர்ப்பதற்கென்றே ஒரு சங்கமும் அவ்வாண்டில் தோன்றிற்று.

ஷெரிடன் நாவைத் திருத்த முற்பட்டாரென்றால், எண்ணத்தை ஒழுங்குபடுத்தும் வித்தையைக் கற்பித்தவர் ஹியூ பிளேர் என்ற பாதிரியார். பிற்காலத்தில் பொருளாதார சாஸ்திரத்தால் கீர்த்தி பெற்ற ஆடம் ஸ்மித் 1748 முதல் எடின்பரோவில் நிகழ்த்திய சொற்கலை விரிவுரைகளின் வழியைப் பின்பற்றி, பிளேர் 1759 இல் தம் விரிவுரைகளைத் தொடங்கினார். 1762 இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ சர்வகலாசாலையில் அக்கலைக்கென ஓர் ஆசிரிய பீடம் ஸ்தாபித்து, ஆண்டுக்கு 70 பவுன் சம்பளத்தில் அவரை அதில் அமர்த்தினார். 1783 இல் நூலாக வெளிவந்த அவருடைய 47 விரிவுரைகள் ஐரோப்பிய பாஷைகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டதோடு, அமெரிக்கக் கலாசாலைகளிலும் நெடுங்காலம் பாடபுஸ்தகமாக விளங்கின.

முறையான பிரசங்கத்துக்குத் தோற்றுவாய், பொருளைக் கூறி வகுத்தல், விவரணம், வாதம், உணர்ச்சியை எழுப்புதல், முடிவுரை என ஆறு அங்கங்களை அவர் கூறினார். எனினும் எல்லாப் பிரசங்கங்களுக்கும் ஆறும் வேண்டும் என்று அவர் வற்புறுத்தவில்லை. பேச்சில் முதலில் வரும் தோற்றுவாயைச் சிந்தனையில் முதலாவதாகத் தேடலாகாது என்பதும், பொருள் முழுவதையும் ஆராய்ந்து தெளிந்த பின்னரே அதனை அமைக்க வேண்டும் என்பதும் அவருடைய உபதேசம். வகுக்கும் பகுதிகள் ஒன்றோடொன்று கலவாமல், எளியதில் தொடங்கிப் படிப்படியாகச் சென்று, பொருள் முழுவதையும் தழுவ வேண்டும். அளவுக்கு மிஞ்சிப் பெருகவும் கூடாது. வலிய வாதங்களைத் தனித்தனியே நிறுத்தி, மெலியவற்றை ஒன்றாகத் திரட்டி உரைக்க வேண்டும். கேட்போர் எதிர்பாராத இடத்தில் சட்டென்று நிறுத்துவதும், அவர்கள் முடிவை எதிர்பார்த்துக் களைத்த பின்னும் நீட்டுவதும் ஆகிய இரண்டும் குற்றமே.

அந்நிய பாஷையில் பேச எழுந்தவனுக்குச் சொல் தடுமாறும் வேளையிலும் அடுத்து உரைக்க வேண்டுவது இன்னதென்ற தெளிவு துணை நிற்கும். உச்சரிப்பில் குறை இருப்பினும், வகுத்துரைத்த பொருளைச் சபையோர் தொடர்ந்து வருவர். பிளேரே கடைசிவரை ஸ்காட்லாந்துத் தொனி மாறாமலே பேசியவர். அவர் கற்பித்த கிரமத்தை அது சிறிதும் குறைத்துவிடவில்லை. ஆகையால் நம் மாணவர்களுக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி அளிக்கும் ஆசிரியர்கள், நாவைத் திருத்தும் பயிற்சிக்கு முன்னதாகப் பொருளை வகுக்கும் பயிற்சியை அளிப்பார்களாக.