சந்தைப் பேச்சும் இலக்கணமும்: ஆங்கிலம் கற்பித்த நூல்கள், 1586 முதல் 1948 வரை

1586ஆம் ஆண்டு லண்டனில் ஆங்கிலம் பற்றிய இரண்டு சிறு நூல்கள் அச்சேறின. ஒன்று வில்லியம் புல்லோக்கரின் இலக்கணம். ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே எழுதப்பட்ட முதல் இலக்கணம் அதுதான். மற்றொன்று ஜாக் பெலோ என்ற பிரெஞ்சு ஆசிரியரின் உரையாடல் நூல். ஆங்கில இலக்கண வரலாறு புல்லோக்கரிடம் தொடங்குகிறது. ஆங்கிலம் கற்றவர்களின் வரலாறு பெலோவிடம் தொடங்குவதாகவே நான் கொள்கிறேன். இந்த இரண்டு வழிகளும் பிரிந்து போய், 20ஆம் நூற்றாண்டில்தான் மறுபடி நெருங்கி வந்தன. நெருங்க வைத்தது அயல்மொழி மாணவர்களின் தேவை.

புல்லோக்கரின் நோக்கம் தாய்மொழியின் மானத்தைக் காப்பது. ஆங்கிலத்துக்கு விதிகளே இல்லை என்று படித்தவர்கள் கருதிய காலம் அது. பள்ளிகளில் வழங்கிய லில்லியின் லத்தீன் இலக்கணத்தை அச்சாகக் கொண்டு, நம் மொழியும் விதிக்கு உட்பட்டதே என்று அவர் நிறுவ முயன்றார். பெலோவின் கவலை வேறு. 1572இல் பிரான்சில் நடந்த பார்த்தலோமியூ நாள் படுகொலைக்குப் பின் ஹியூகனோ என்னும் சீர்திருத்தக் கிறித்தவர்கள் பெருந்தொகையாக இங்கிலாந்துக்கு ஓடிவந்தார்கள். மறுநாள் காலை கடைக்குப் போய் மீன் வாங்க வேண்டியவர்கள் அவர்கள்.

ஆகவே பெலோவின் நூலில் ஒரு நாளின் வாழ்க்கை நடக்கிறது. காலையில் எழுகிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், துணிக்கடையிலும் மீன்கடையிலும் கறிக்கடையிலும் பேரம் நடக்கிறது, விருந்தாளிகள் சாப்பிட உட்காருகிறார்கள். பக்கத்தில் மூன்று பத்திகள்: ஆங்கிலம், பிரெஞ்சு, பிறகு ஆங்கில ஒலியைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் காட்டும் பத்தி. ‘முப்பது நாளில் ஆங்கிலம்’ வகைப் புத்தகங்களைப் புரட்டிய தமிழருக்கு இந்த அமைப்பு நன்கு தெரிந்ததே. அந்த மலிவுப் பதிப்புகளை ஏளனமாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அவற்றின் முறைக்கு 400 ஆண்டுக்கு மேற்பட்ட வம்சாவளி இருக்கிறது.

அடுத்த இரு நூற்றாண்டுகளில் இலக்கணத்தின் கையே ஓங்கியது. ஜான் வாலிஸ் 1653இல் அயலாருக்கென்று லத்தீனில் ஓர் ஆங்கில இலக்கணம் எழுதினார். ‘ஷல்’, ‘வில்’ வேறுபாட்டை விதியாக்கியவர் அவர். 1762இல் வந்த ராபர்ட் லௌத்தின் நூல் ஆங்கிலேயருக்கே அவர்கள் மொழியில் பிழை காட்டியது. ஷேக்ஸ்பியர், மில்டன் வாக்கியங்களும் அவர் திருத்தத்துக்குத் தப்பவில்லை. இரண்டு எதிர்மறைகள் ஒன்றையொன்று அழித்துவிடும் என்ற விதி அவர் நூல் வழியே பரவியது. ‘ஐ டிட்ன்ட் டூ நத்திங்’ என்பது பாமரப் பேச்சானது. அழுத்தத்துக்காக எதிர்மறையை அடுக்குவது சாசர் காலத்தில் இயல்பான ஆங்கிலம் என்பது மறக்கப்பட்டது. 1795இல் யார்க் நகர்ப் பெண்கள் பள்ளி ஒன்றுக்காக லிண்ட்லி மர்ரே எழுதிய இலக்கணம் இதே போக்கை வகுப்பறைதோறும் கொண்டு சேர்த்தது.

தள்ளப்பட்ட பேச்சு வேறு புத்தகங்களில் குடியேறியது. பிரான்சிஸ் குரோஸ் 1785இல் கொச்சைச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி வெளியிட்டார். 1859இல் ஜான் கேம்டன் ஹாட்டன் தொகுத்த அகராதி, லண்டன் தெருவியாபாரிகளின் இரண்டு உத்திகளுக்குத் தனித்தனிப் பட்டியல் தந்தது. ஒன்று, சொல்லைத் தலைகீழாக்குவது: பையனைக் குறிக்கும் ‘பாய்’ என்பதன் எழுத்துகளைத் திருப்பினால் ‘யாப்’. இன்று அது முரட்டு இளைஞனைக் குறிக்கும் சொல். இன்னொன்று இயைபு உத்தி. பிற்கால எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்க்கலாம். பார்வைக்கு ‘லுக்’, அதற்கு இயைபாக ‘புட்சர்ஸ் ஹுக்’, அதாவது கறிக்கடைக்காரரின் கொக்கி. பிறகு இயைபைத் தரும் கொக்கியே உதிர்ந்துபோய், ‘புட்சர்ஸ்’ மட்டும் நின்று பார்வையைக் குறிக்கிறது. வெளியாளுக்குப் புரியக்கூடாது என்பதே இதன் பயன். நன்னூலார் இதைக் குழூஉக்குறி என்று பெயரிட்டு இலக்கணத்துக்குள்ளேயே இடம் தந்தார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது உரைகாரர் காட்டும் சான்று. லௌத்தின் மரபில் அந்த இடம் இல்லாமற்போனது பெரிய இழப்பு.

கொச்சைக்குள் பண்பாடும் ஒளிந்திருக்கும். 1605 நவம்பர் 5 அன்று நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்க நடந்த சதியில் பிடிபட்டவர் கை ஃபாக்ஸ். ஆண்டுதோறும் அந்நாளில் அவருடைய வைக்கோல் உருவத்தைக் கொளுத்துவது வழக்கமாயிற்று. அந்த உருவத்துக்குப் பெயர் ‘கை’. 19ஆம் நூற்றாண்டில் அலங்கோலமாக உடுத்தியவரை அப்படி அழைத்தார்கள். அமெரிக்காவில் அது எந்த ஆளையும் குறிக்கும் சாதாரணச் சொல்லாகித் திரும்பி வந்தது. நம் பிள்ளைகள் நாளெல்லாம் சொல்லும் ‘கைஸ்’ தீயில் எரிந்த ஒரு பொம்மையின் வாரிசு.

திருப்பம் ஒலியியலிலிருந்து வந்தது. பேச்சுமொழியே அடிப்படை என்று ஹென்றி ஸ்வீட் 1899இல் வாதிட்டார். அவருடைய சாயல் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்துப் பேராசிரியரிடம் உண்டு. 1914இல் அந்நாடகம் லண்டனில் அரங்கேறியபோது, பூக்காரி எலைசா சீமாட்டியின் உச்சரிப்பில் ‘பிளடி’ என்ற சந்தைச் சொல்லைச் சொன்னதும் ஊரே பரபரத்தது. உச்சரிப்பு ஒன்றாகவும் சொல் வேறாகவும் நிற்கும் அந்த நொடியில், பிரிந்த இரண்டு வழிகளும் ஒரே வாயில் முட்டிக்கொண்டன.

அதற்கு முந்தைய ஆண்டில்தான் கேம்பிரிட்ஜ், அயலாருக்கான ஆங்கிலத் தேர்ச்சித் தேர்வை முதன்முதலாக நடத்தியது. 12 மணி நேரத் தேர்வு. மொழிபெயர்ப்பு, இலக்கணம், கட்டுரை, இலக்கியம், ஒலியியல், உரையாடல் எல்லாம் உண்டு. எழுதியவர்கள் மூன்றே பேர், ஒருவரும் தேறவில்லை.

1938இல் எக்கர்ஸ்லியின் பாடநூல் வெளிவரத் தொடங்கியது. பிரீஸ்ட்லி என்ற ஆசிரியரிடம் பல நாட்டு மாணவர்கள் கூடிப் பேசுவதாக அமைந்த அதில், இலக்கணமும் லண்டன் வாழ்க்கையும் ஒரே அறையில் உட்கார்ந்தன. இன்னும் ஆழமான இணைப்பைச் செய்தவர் ஜப்பானில் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி. அவரும் இரு நண்பர்களும் தொகுத்து 1942இல் டோக்கியோவில் வெளியான அகராதியே 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாக வந்து உலகெங்கும் பரவியது. வினைச்சொற்களை 25 வாக்கிய அமைப்புகளாக வகுத்து, எந்த வினை எதில் பொருந்தும் என்று ஒவ்வொரு சொல்லின் அடியிலும் குறித்தார்கள். ‘ஐ வான்ட் ஹிம் டு கோ’ சரி. ‘ஐ சஜஸ்ட் ஹிம் டு கோ’ தவறு. ஏன் என்று கேட்டால் ஆங்கிலேயருக்கே சொல்லத் தெரியாது. அவர்களுக்காக எழுதப்பட்ட அகராதிகள் அதைச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தவறு செய்த ஜப்பானிய மாணவர்களுக்குத்தான் அது தேவைப்பட்டது.

2005 முதல் பிரிட்டிஷ் குடியுரிமை கேட்பவர்கள் நாட்டு வாழ்க்கை பற்றிய தேர்வு ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது: 24 வினாக்கள், 45 நிமிடம், 18 சரியாக வேண்டும். போருக்குத் தப்பி லண்டன் வந்த ஈழத்தமிழர் பலரும் அதை எழுதியவர்கள். நவம்பர் 5 அந்தப் பாடத்தில் இருக்கிறது. மீன்கடைப் பேரம் இல்லை. அதை அவர்கள் ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் தாங்களே கற்றுக்கொண்டார்கள்.